வேருக்கு ஒரு வாளி



தெப்ராவ் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். வீட்டின் பின்புறத்தில் மூன்று பாத்தி போட்டு மிளகாய், கத்தரி, வெண்டை வைத்திருக்கிறார். வேலி ஓரத்தில் மாமியார் காலத்து முருங்கை ஒன்றும் கறிவேப்பிலை ஒன்றும் நிற்கின்றன.

"காலையிலும் மாலையிலும் தவறாமல் ரப்பர் குழாயைப் பிடித்துப் பாத்திக்கு ஒரு நிமிஷம் தண்ணீர் அடிக்கிறேன். அப்படியும் வெயில் மாதத்தில் இரண்டு நாள் பைப்பில் தண்ணீர் வராமல் போனதும் எல்லாச் செடியும் தலை சாய்ந்துவிட்டது. முருங்கையும் கறிவேப்பிலையும் மட்டும் அப்படியே நிற்கின்றன. என்ன உரம் போட்டால் செடி தாங்கும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, உரக்கடைக்குப் போக வேண்டாம். காசை முந்தானையில் முடிந்து வையுங்கள். உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் வேருக்குக் கிடைக்கவில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மழை நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமா?

"ஜொகூரில் கொட்டுகிற மழைக்குத் தண்ணீரைச் சிக்கனம் பண்ணச் சொல்கிறாரே!" என்று சிலர் சிரிக்கலாம். உண்மைதான். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் சீமையில் பெய்வது ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். நமக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் ஆண்டுக் கடைசியில் வெள்ளத்தைக் கொண்டு வருகிறது. காற்று ஒன்று, கிடைக்கும் பங்கு வேறு.

ஆனாலும் மழை நாட்டுக்கும் வறண்ட நாள் உண்டு. பருவமழை ஓய்ந்த பிறகு மாசி, பங்குனி வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நாடே வறட்சியில் தவித்தது. 2015 ஆகஸ்டில் சுங்கை லாயாங், சுங்கை லெபாம் அணைகளில் நீர் இறங்கிப் போனதால் மாசாய், பாசிர் கூடாங், கோத்தா திங்கி பக்கங்களில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. வாளியும் குடமுமாக மக்கள் வரிசையில் நின்றார்கள். 2016 அக்டோபரில் ஜொகூர் ஆற்றுக்குத் துணையாகக் கட்டப்பட்ட லிங்கியூ நீர்த்தேக்கத்தில் 20 விழுக்காடு நீர்தான் மிஞ்சியது.

தெப்ராவ் என்ற பெயருக்கே தண்ணீரோடு உறவு உண்டு. 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர் தெப்ராவ் ஆற்றிலும் ஸ்கூடாய் ஆற்றிலும் தண்ணீர் எடுத்து வந்தது. ஐம்பது ஆண்டு கழிந்து 2011 ஆகஸ்டு 31ஆம் நாள் அந்த ஒப்பந்தம் முடிந்து, நீர் நிலையங்கள் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரு தீவுக்கே குடிநீர் கொடுத்த ஆற்றங்கரை இது. அங்கே ஒரு வீட்டின் மிளகாய்ச் செடி தாகத்தில் வாடுகிறது என்றால், குறை ஆற்றில் இல்லை. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அது போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பது இன்னொரு கணக்கு.

பால்மரம் சொல்லும் பாடம்

நம் வாசகர்களில் பலர் பால்மரம் வெட்டியவர்கள். இல்லாவிட்டால் வெட்டியவர்களின் பிள்ளைகள். விடிவதற்கு முன்பே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ஏன் காட்டுக்குப் போனோம்? இரவெல்லாம் வேர் தண்ணீரை உறிஞ்சி மரத்தை நிரப்பி வைத்திருக்கும். இலை வெயிலில் தண்ணீரை விடத் தொடங்கியிராது. பட்டைக்குள் இறுக்கம் கூடுதலாக இருக்கும் அந்த நேரத்தில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற மரத்தின் இறுக்கம் தளரும், பாலும் குறையும்.

மிளகாய்ச் செடிக்கும் இதே சட்டம்தான். பகலில் இலை செலவழிக்கிறது; இரவில் வேர் வரவு வைக்கிறது. வேர் இருக்கும் ஆழத்தில் ஈரம் இல்லாவிட்டால் வரவு ஏது?

உங்கள் முறையைக் கவனியுங்கள், சகோதரி. சாதாரணக் குழாயில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாத்தி ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம். ஒரு நிமிஷம் அடித்தால் மேல்மண் ஒரு விரற்கடை நனையும். கொஞ்சம் ஓரத்தில் வழிந்து ஓடும். மீதியை மத்தியான வெயில் குடித்துவிடும். செடி என்ன செய்யும்? ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே வேர் விடும். ஆகவே வேர் எல்லாம் மேலேயே பின்னிக்கொண்டு கிடக்கும். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான். முருங்கையும் கறிவேப்பிலையும் தப்பியதன் காரணம், யாரும் தினமும் ஊற்றிச் செல்லம் கொடுக்காததால் அவை தாமே கீழே வேர் இறக்கித் தண்ணீரைத் தேடிக்கொண்டதுதான்.

வறண்ட சீமைக்காரர்களைக் கேட்போம்

தண்ணீரை அளந்து கொடுக்கும் வித்தையைத் தண்ணீர் இல்லாதவனிடம்தான் கற்க வேண்டும். நம் முன்னோர் பலர் சேலம், திருச்சி, வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கவலை இறைத்து, ஏற்றம் மிதித்துப் பயிர் காத்த கைகள் அவை. கிணற்றிலிருந்து வரும் ஒவ்வொரு சாலுக்கும் மாடும் மனிதனும் வியர்வை சிந்தியதால், ஒரு சொட்டு வரப்பில் ஒழுகினாலும் மனம் பொறுக்காது. இங்கே வந்த பிறகு வானமே இறைத்துக் கொடுத்தது. அந்தப் பழக்கம் இரண்டு தலைமுறையில் மறந்து போயிற்று.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. மழைக் காலத்தில் நிரப்பி, வெயில் காலத்தில் மடை வழியே வயலுக்கு விடுவார்கள். அந்த மடையைத் திறக்கவும் மூடவும் பல ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு என்று முறை வைத்து விடுவது அவர் பொறுப்பு. நிலத்துக்காரர் தாமே மடையில் கை வைக்கக்கூடாது. அறுவடையில் அவருக்கு நெல்லாகக் கூலி அளப்பார்கள்.

இலங்கையில் இன்னும் ஓர் அருமையான வழக்கம். குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் எல்லா வயலையும் விதைத்துவிட்டுக் கையைப் பிசைய மாட்டார்கள். குளத்துக்கு அருகில் உள்ள வயலை மட்டும் எடுத்து, ஊரார் அனைவரும் பங்கிட்டு அந்தப் போகத்துக்குப் பயிர் செய்வார்கள். 'பெத்ம' என்று அதற்குப் பெயர். பாதி நிலத்தில் முழு விளைச்சல் எடுப்பது, முழு நிலத்தில் சாவியை அறுப்பதைவிட மேல் அல்லவா?

சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட வேளாண்மை நூலிலேயே, மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பிச் சுற்றிலும் கொடி வளர்க்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் காலத்துச் சொட்டுநீர்ப் பாசனமும் ஒரு வகையில் அதன் பேரப்பிள்ளைதான். இஸ்ரேலில் சிம்ஹா பிளாஸ் என்ற பொறியாளர், குழாய் கசிந்த இடத்தில் ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிடச் செழித்திருப்பதைக் கண்டு யோசித்தார். 1965இல் நெகேவ் பாலைவனத்து ஹட்செரிம் குடியிருப்போடு சேர்ந்து சொட்டுக் குழாய்களைச் செய்யும் தொழிற்சாலை தொடங்கியது. வாய்க்கால் வழியே பாய்ச்சினால் வயலுக்கு வந்த தண்ணீரில் நூற்றுக்கு அறுபது பங்குதான் பயிருக்குப் பயன்படும். சொட்டு முறையில் தொண்ணூறு பங்கு பயன்படும் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தார் வழங்கும் கணக்கு. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இந்தச் சாதனத்தை அரசு முழு மானியத்தில் கொடுக்கிறது.

இவை எல்லாவற்றிலும் உள்ள சூத்திரம் ஒன்றே: வேர் இருக்கும் இடத்தில், வேண்டிய அளவு, முறை வைத்துக் கொடு. இனி நம் கொல்லைக்கு வருவோம்.

எவ்வளவு தண்ணீர்?

நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பாத்தியும் அதில் நிறைந்து நிற்கும் செடியும் சேர்ந்து நான்கு, ஐந்து லிட்டர் தண்ணீரை ஆவியாக விடும். அப்படியானால் இரண்டு நாளைக்குப் பத்து லிட்டர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு நாளைக்கு ஒரு வாளி.

உங்கள் மூன்று சதுர மீட்டர் பாத்திக்கு இரண்டு நாளைக்கு மூன்று வாளி, அதாவது 30 லிட்டர். நீங்கள் இப்போது செலவழிப்பது எவ்வளவு? காலையில் 10, மாலையில் 10, இரண்டு நாளில் 40 லிட்டர்! அதிகம் கொடுத்தும் செடியைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள். உங்கள் குழாயின் வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள். பத்து லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

எப்படிக் கொடுப்பது?

வறண்ட சீமையில் பாத்தியைப் பள்ளமாக அமைப்பார்கள். தண்ணீர் தங்க வேண்டும் என்பதற்காக. இங்கே மழைக்குப் பயந்து மேடாக அமைக்கிறோம், அதுவும் சரியே. ஆனால் வெயில் மாதத்தில் மேட்டுப் பாத்தியின் தண்ணீர் இரு பக்கமும் ஓடிவிடும். ஆகையால் இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவே நான்கு விரல் ஆழத்தில் ஒரு சிறு வாய்க்கால் இழுத்து, இரு முனையையும் மண்ணால் அடைத்துவிடுங்கள். மூன்று வாளியையும் அதில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு வாளி உறிஞ்சிய பிறகு அடுத்தது. இலையில் தண்ணீர் படவே வேண்டாம். மழை தொடங்கியதும் முனைகளைத் திறந்து விடுங்கள், நீர் வடிந்துவிடும்.

ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து ஓர் ஓரத்தில் கரண்டியால் தோண்டிப் பாருங்கள். அரைச் சாணுக்கும் கீழே ஈரம் இறங்கியிருந்தால் வெற்றி. மறுபடி எப்போது ஊற்றுவது என்பதையும் மண்ணே சொல்லும். இரண்டு அங்குல ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் பொறுங்கள். உதிர்ந்து போனால் ஊற்றுங்கள்.

நேரம் விடியற்காலை. மாலையில் இலையை நனைத்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். மத்தியானத்தில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயப்பட வேண்டாம். அது செடி வெயிலுக்கு ஒதுங்குவது. விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் ஆபத்து. மண் ஈரமாக இருந்தும் அப்படி வாடினால், தண்டை நறுக்கித் தெளிந்த தண்ணீர் நிறைந்த கிளாசில் நிறுத்திப் பாருங்கள். பால்போல நூல் நூலாக இறங்கினால் அது வாடல் நோய். அதற்குத் தண்ணீர் மருந்தாகாது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். கத்தரி, மிளகாய், தக்காளியை அந்த இடத்தில் உடனே மறுபடி வைக்காதீர்கள்.

இன்னொன்று. தினமும் ஊற்றிப் பழக்கிய செடியை ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். வேர் கீழே இறங்க அதற்கும் அவகாசம் வேண்டும்.

தோட்டத்து வேலையே வீட்டுக்கும்

தண்ணீரைப் பூமியில் தங்க வைக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. மேட்டுக் காட்டில் படி வெட்டினோம். ஓடும் மழைநீரையும் மண்ணையும் பிடித்து வைக்கக் குழி தோண்டினோம். இளம் ரப்பர் நிரைகளுக்கு நடுவே கொடிப்பயிர் படர விட்டோம். செம்பனையில் வெட்டிய மட்டையை நிரைக்கு நடுவே அடுக்குகிறோம். ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையை மரத்தடியில் பரப்புகிறோம். இவை அத்தனையும் ஈரம் காக்கும் வேலைகள்தாம்.

ஏன் இவ்வளவு பாடு? செம்பனைக்கு மாதம் நூறு மில்லிமீட்டராவது மழை வேண்டும். வறட்சி கண்டால் மரம் பெண் பூவைக் குறைத்து ஆண் பூவை அதிகம் விடும். அதன் பலன் உடனே தெரியாது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்துக் குலை குறையும்போது தெரியும். குலை குறைந்தால் குலைக் கணக்கில் வாங்கும் சம்பளமும் குறையும். இந்த ஆண்டின் காய்ந்த மண் இரண்டு ஆண்டுக்குப் பிறகு நம் அடுப்பங்கரைக்கு வந்து சேருகிறது. அப்படிப்பட்ட மாதத்தில் கொல்லையில் நாலு மிளகாயும் ஒரு கூடைக் கத்தரியும் இருந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு தெம்பு!

ஆகவே வீட்டுப் பாத்திக்கும் மூடாக்குப் போடுங்கள். காய்ந்த புல், சருகு, நறுக்கிய வாழைச் சருகு எதுவானாலும் இரண்டு அங்குலக் கனம் பரப்பலாம். தண்டை ஒட்டாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். வெறுங்குலை கிடைத்தால், தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுத்து வந்து பிய்த்து ஒரே அடுக்காகப் போடுங்கள். குவித்தால் காண்டாமிருக வண்டு குடியேறும். மட்டையையும் வீட்டோரம் குவிக்க வேண்டாம். பாம்பு, பூரானுக்கு அது சொந்த வீடாகிவிடும். மூடாக்குப் போட்ட பாத்தி பெரும்பாலும் மூன்றாம் நாள்தான் தண்ணீர் கேட்கும்.

கத்தரிச் செடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் புதைக்கலாம். ஒன்றரை லிட்டர்ப் போத்தலின் அடியை வெட்டி, மூடியில் சூடான ஊசியால் இரண்டு துளை போட்டு, தண்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளித் தலைகீழாகப் புதையுங்கள். நிரப்பிவிட்டால் மெல்லக் கசியும். இதுதான் ஏழையின் சொட்டுநீர். மெருகு பூசாத மண்கலயம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை மூடி போட்டுப் புதையுங்கள். பொங்கலுக்கு வாங்கிக் கீறல் விழுந்த பானை வேண்டாம். அது கசியாது, ஒழுகும்!

தண்ணீர் எங்கிருந்து?

வீட்டுக் கூரையிலிருந்து. கூரையில் இருபது சதுர மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் மழை விழுந்தால் 200 லிட்டர். ஒரு நல்ல மழையில் ஒரு பீப்பாய் நிறைந்துவிடும். உங்கள் மூன்று பாத்திக்கும் சேர்த்து நான்கு நாளைக்கு அது காணும். அரிசி, காய்கறி கழுவிய நீரையும் செடிக்கு விடுங்கள். சவர்க்கார நீரையும் குளோரோக்ஸ் கலந்த நீரையும் கீரைப் பாத்திக்குக் காட்டாதீர்கள்.

பீப்பாயை மட்டும் திறந்து வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். செடியைக் காக்கப் போய்ப் பிள்ளைக்கு டெங்கியை வரவழைக்கக்கூடாது. வாயை மெல்லிய வலைத்துணியால் இறுகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப் புழு கண்டால் அபராதமும் உண்டு.

கடைசியில் ஒரு கணக்கு

பங்கீடு வந்து, கையில் இருப்பது நாளைக்கு மூன்று வாளிதான் என்றால் என்ன செய்வது? மூன்று பாத்திக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மூன்றும் போய்விடும். இலங்கைக் குளத்துக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பூவும் பிஞ்சுமாக இருக்கும் மிளகாய்க்கு முதல் வாளி. தண்ணீர் தவறினால் பூவை உதிர்ப்பது அதுதான். அடுத்தது கத்தரிக்கு. வெண்டையின் ஆணிவேர் ஆழமானது. அது ஒருநாள் பொறுக்கும். முற்றிய செடியைப் பிடுங்கிவிடுங்கள். கங்கோங்குக்கு நீர் அதிகம் வேண்டும். வெயில் மாதத்தில் அதை விட்டுவிட்டு மரவள்ளியோ தட்டைப்பயறோ வைக்கலாம்.

வீட்டில் யாராவது ஒருவர் நீர்க்கட்டியாக இருக்கட்டும், சகோதரி. பத்து வயதுப் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. மண்ணைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, இன்றைக்கு மிளகாய்க்கு முறை" என்று அது சொல்லட்டும். அடுத்த வெயிலில் பைப் நின்றால், உங்கள் மிளகாய்ச் செடி மாமியாரின் முருங்கையைப் போல நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் ஒரு கடிதம் போடுங்கள்.

அடுத்த இதழில், மழை மாதத்தில் வேர் அழுகாமல் பாத்தியைக் காப்பது எப்படி என்று பார்ப்போம்.